கிரிவலம், குண்டு, காசி: ஓய்வுபெற்ற ஆசிரியரின் நான்கு கேள்விகள்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 62 வயது ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஒரே கடிதத்தில் நான்கு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். இதே கேள்விகளைப் பலரும் துண்டு துண்டாகக் கேட்டிருப்பதால், இந்த இதழ்ப் பகுதி முழுக்க அவருக்கே.

கே: திருவண்ணாமலைக்குப் போய்ப் பௌர்ணமி கிரிவலம் வர ஆசை. சர்க்கரை நோய் உண்டு. செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் நடக்க முடியுமா?

ப: முதலில் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை லேசாகத் தொடச் சொல்லுங்கள். இந்த ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் வெறுங்கால் நடை வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கல் குத்தியதே தெரியாமல் நடந்து, மூன்றாம் நாள் புண்ணைப் பார்ப்பதுதான் சர்க்கரைக்காரர்களுக்கு வரும் ஆபத்து. செருப்போடு நடந்து, லிங்கங்களின் வாசலில் கழற்றிவிட்டுக் கும்பிட்டாலும் வலம் வலம்தான்.

உணர்ச்சி சரியாக இருந்தால் ஆறு வாரம் பழகுங்கள். முதல் வாரம் 3 கிலோமீட்டர், பிறகு வாரத்துக்கு ஒன்றரை கூட்டினால் ஆறாவது வாரம் பத்தரை வரும். பத்தரை நடக்கிற கால் பதினாலும் நடக்கும். ஒவ்வொரு நாளும் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் வெறுங்காலில் நடந்து, அதை மெல்லக் கூட்டுங்கள்.

முதல் தடவை பௌர்ணமியே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கூட்டத்தில் உங்கள் வேகத்தில் நடக்க முடியாது. நின்று நின்று நடப்பதுதான் முழங்காலைக் கெடுக்கும். சாதாரண நாளில் விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடைக்கு மூன்றரை மணி நேரம். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டிலும் நின்று கும்பிட ஒன்றரை மணி நேரம். எட்டரைக்குள் முடித்துவிட்டால் தார்ச் சாலையின் சூட்டிலிருந்து தப்பலாம். இடுக்குப் பிள்ளையார் சந்நிதியில் படுத்து நுழைந்து வரவேண்டும். இடுப்போ தோளோ வலிக்கிறவர் வெளியே நின்று கும்பிட்டால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு விரதம் இருந்து நடக்காதீர்கள். அன்றைய அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுங்கள். தீரவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. 'நடந்த வியர்வைதானே' என்று நினைத்துத் தொடர்ந்து நடப்பதில்தான் பலர் மயங்கி விழுகிறார்கள்.

கே: கல்லூரியில் குண்டு எறிந்தவன். மூத்தோர் தடகளப் போட்டியில் இறங்கலாமா? எத்தனை கிலோ குண்டு?

ப: தாராளமாக இறங்கலாம். சண்டிகரைச் சேர்ந்த மன் கௌர் அம்மையார் தடகளத்துக்கு வந்ததே 93 வயதில்தான். 2017-ல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டர் ஓடினார்.

ஆண்களுக்கு 50 முதல் 59 வரை 6 கிலோ, 60 முதல் 69 வரை 5 கிலோ, 70-களில் 4, அதற்கு மேல் 3. ஆக உங்களுக்கு 5 கிலோ, 60–64 பிரிவு. போட்டி தொடங்கும் முதல் நாளில் என்ன வயது என்பதே கணக்கு. கல்லூரியில் எறிந்த 7.26 கிலோவைத் தேடிப் பிடித்துப் பழகாதீர்கள். தோள்பட்டைத் தசைநார் கிழிவது பெரும்பாலும் இந்தப் பழைய வீரத்தில்தான்.

முதல் மூன்று வாரம் 3 கிலோ குண்டு, நின்ற இடத்திலிருந்து மட்டும். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 15 எறிகள் போதும். அடுத்த மூன்று வாரம் 4 கிலோ. சறுக்கி வந்து எறியும் முறையை அதன் பிறகு தொடுங்கள். குண்டு உள்ளங்கையில் உட்காரக்கூடாது. விரல்களின் அடிப்பகுதியில் நின்று, கழுத்தை ஒட்டியிருக்க வேண்டும். முழங்கை கீழே இறங்கினால் தள்ளுவதற்குப் பதில் வீசுவதாகிவிடும்: எறியும் செல்லாது, முழங்கையும் வீங்கும். எறிந்தபின் வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். நல்ல எறியை எறிந்துவிட்டு மகிழ்ச்சியில் முன்பக்கமாக இறங்கி ஃபவுல் வாங்குபவர்கள் எல்லாப் போட்டியிலும் உண்டு.

ரத்த அழுத்தம் இருந்தால் மூச்சை அடக்கி எறியாதீர்கள். தள்ளும்போதே மூச்சை விடுங்கள். தொடங்குமுன் இதயப் பரிசோதனை அவசியம்.

கே: மகன் வீடு வாங்க என் பணிக்கொடையைக் கேட்கிறான். கொடுக்கலாமா?

ப: ஓய்வூதியம் வருகிறது என்பதால் முழுவதையும் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உங்கள் பெயரில் போட்டுவிட்டு, மீதியைப் பற்றிப் பேசுங்கள். உச்சவரம்பு 30 லட்சம், காலம் 5 ஆண்டு. வட்டி 8.2 சதவீதம் என்றால் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் கைக்கு வரும். ஓராண்டுக்குள் முடித்தால் வட்டியே இல்லை. இரண்டாண்டுக்குள் முடித்தால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். மகனுக்குக் கொடுப்பது கடனா அன்பளிப்பா என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். மகள் இருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கே: நானும் மனைவியும் என் அக்காவும் காசி போகிறோம். ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைப்பதே இல்லையே?

ப: மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் போடுவதுதான் காரணமாக இருக்கும். மூத்தோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் இருந்தால்தான் பொருந்தும். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது. இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து, அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்து, 60 நாள் முன்பதிவு திறக்கும் நாளன்றே எடுங்கள். கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது.

டிசம்பர், ஜனவரி வேண்டாம்: பனிமூட்டத்தில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். மழைக்காலத்தில் கங்கை ஏறிப் படித்துறைகள் மூழ்கும். அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, இல்லையென்றால் பிப்ரவரி, மார்ச் நல்லது.

முறைப்படி செய்வதானால் முதலில் ராமேஸ்வரம். அங்கிருந்து மணல் எடுத்துப் பிரயாகை திரிவேணியில் கரைத்து, கங்கை நீரோடு திரும்பவும் ராமேஸ்வரம் வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடியும். கங்கை நீர் அடைத்த செம்பு வாங்கும்போது ஈயப்பற்று வைத்த இடத்தைத் துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கசிகிற செம்பு இரண்டு நாள் ரயிலில் பாதி காலியாகி, பெட்டியிலுள்ள துணியையும் நனைத்துவிடும்.