கேளுங்கள்: பல்கலைக்கழகக் கவிஞராக இரண்டு ஆண்டு

பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு ஆண்டு 'பல்கலைக்கழகக் கவிஞர்' பொறுப்பில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இந்தப் பகுதியில் அதைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அரசவைக் கவிஞர் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு எதற்குக் கவிஞர்? அங்கே என்னதான் வேலை?

அரசவைக் கவிஞர் என்றதும் நமக்கு நாமக்கல் கவிஞரும் கண்ணதாசனும் நினைவுக்கு வருவார்கள். இது அவ்வளவு பெரிய நாற்காலி இல்லை. என் நியமனக் கடிதத்தில் நான்கு வேலைகள் இருந்தன. ஆண்டுக்கு மூன்று விழாக்களுக்குக் கவிதை, மாதம் ஒரு பட்டறை, வாரத்தில் ஒரு மாலை அறையில் உட்கார்ந்து யார் வந்தாலும் அவர்கள் எழுதியதைப் படித்துப் பேசுவது, முடிவில் ஒரு பொதுவுரை.

இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் ஆசிரியர் ஒருவரையே நியமிக்கிறார்கள், சில இடங்களில் வெளியிலிருந்து அழைக்கிறார்கள், சில இடங்களில் மாணவருக்கே தருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 1708 முதல் கவிதைப் பேராசிரியர் என்று ஒரு பதவி இருக்கிறது. பட்டதாரிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், முக்கியமான வேலை சொற்பொழிவு. 1857இல் கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் வந்து ஆங்கிலத்தில் பேசும்வரை அங்கே எல்லாம் லத்தீன்தான்.

கடிதத்தில் இல்லாத வேலைகளும் வரும். ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்து, புதுக் கட்டடத்தின் கல்வெட்டுக்கு நான்கு வரி, லிஃப்ட்டுக்குள் ஒட்ட இரண்டு வரி. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அந்த லிஃப்ட் வரிகளைத்தான்.

கேள்வி: தேதி குறித்து, தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னால் கவிதை வருமா? அது தயாரிப்புதானே? – முதுகலை மாணவி ஒருவர்

முதல் ஆண்டு பட்டமளிப்பு விழாவுக்கு நான் எழுதியது தயாரிப்புதான், அம்மா. 52 வரி. அதில் அறிவுச் சுடர் இருந்தது, கடல் இருந்தது, கலங்கரை விளக்கமும் இருந்தது. பதிவாளர் அலுவலகம் எனக்குக் கொடுத்த நேரம் மூன்று நிமிடம். நான் எடுத்துக்கொண்டது ஐந்தரை. ஒரு பத்தி முடிந்து மூச்சுவிட நிறுத்தினேன். கவிதை முடிந்துவிட்டது என்று நினைத்து அரங்கம் கை தட்டியது. மறுபடி ஆரம்பித்தேன். அடுத்த நிறுத்தத்திலும் தட்டினார்கள். மூன்றாவது முறை உண்மையாகவே முடிந்தபோது வந்த கைதட்டலில் இருந்த நிம்மதி இருக்கிறதே, அது இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு கவிதையை எழுதாமல் விழாவுக்கு முந்தின நாள் காலையிலேயே அரங்குக்குப் போய்விட்டேன். நாற்காலிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஓர் அலுவலர் தனியாக நின்று மறுநாள் வாசிக்க வேண்டிய பெயர்களை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலில் ஆயிரத்துக்கு மேல் பெயர். சந்தேகம் வந்தால் அந்த மாணவருக்கே போன் போட்டு, "உங்க பேர்ல ரெண்டாவது எழுத்து குறிலா, நெடிலா?" என்று கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஒரு பெயருக்கு மூன்று முறை போன் போட்டார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு 16 வரி எழுதினேன். முழுக்க அந்தப் பென்சில் குறிகளைப் பற்றி. மறுநாள் ஒன்றே முக்கால் நிமிடத்தில் படித்து முடித்தேன். அதற்குப் பிறகு பெயர்கள் வாசிக்கப்பட்டபோது அரங்கம் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டதாக எனக்குத் தோன்றியது. கவிஞனின் பிரமையாகவும் இருக்கலாம்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: தேதி குறித்துக் கொடுப்பதால் கவிதை கெடுவதில்லை. விழாவைப் பார்க்காமலே விழாவுக்கு எழுதினால்தான் கெடுகிறது. இன்னொன்று, இந்தக் கவிதையை மக்கள் ஒரே ஒரு முறை, காதால் மட்டும் கேட்கப்போகிறார்கள். புரியாத வரிக்குத் திரும்பிப் போக அவர்கள் கையில் தாள் இல்லை. எதுகை, மோனையைப் பழைய நகை என்று ஒதுக்கிவைத்திருந்தவன் நான். மைக் முன்னால் நின்ற பிறகுதான் அவை காதுக்குப் பிடிமானம் என்று தெரிந்தது.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தையும் சொல்ல வேண்டும். 1843இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் பதவி வந்தபோது அவர் முதலில் மறுத்தார், எதுவும் எழுத வேண்டியதில்லை என்று பிரதமர் உறுதி சொன்ன பிறகே ஏற்றார். கெட்டிக்காரர்! அவரையும் கடைசியில் மாட்டிவைத்தது ஒரு பல்கலைக்கழக விழாதான். 1847இல் இளவரசர் ஆல்பர்ட் கேம்பிரிட்ஜின் வேந்தரானபோது பாடிய பாட்டு வேர்ட்ஸ்வொர்த் பெயரில் வந்தது. அதில் பெரும்பகுதியை எழுதியவர் மருமகன் குவிலினன் என்கிறார்கள். மகள் டோரா மரணப் படுக்கையில் கிடந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் எந்தத் தகப்பனுக்கு வாழ்த்துப்பா வரும்?

கேள்வி: 'லாரியட்' என்கிறார்களே, அது என்ன? உண்மையிலேயே தலையில் இலை வைப்பார்களா?

லாரல் என்ற மரத்தின் இலையால் கட்டிய முடியைச் சூடியவர் என்று பொருள். எனக்கு யாரும் முடி வைக்கவில்லை, அடையாள அட்டை மட்டும் கொடுத்தார்கள். ஆனால் இந்தப் பட்டத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உறவு பழையது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்கு 1340இல் ஒரே நாளில் இரண்டு அழைப்பு வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒன்று பாரிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து, மற்றது ரோமிலிருந்து. அவர் ரோமைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு முன் நேப்பிள்ஸ் அரசர் ராபர்ட்டிடம் போய் மூன்று நாள் தேர்வுக்கு உட்கார்ந்தார். பிறகு 1341 ஏப்ரல் 8 அன்று முடி சூட்டினார்கள். இங்கிலாந்தின் ஜான் ஸ்கெல்டனுக்கு 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்ட், லூவன், கேம்பிரிட்ஜ் மூன்றுமே இந்தப் பட்டத்தைத் தந்தன. அன்றைக்கு அது ஏறக்குறைய ஒரு படிப்புப் பட்டம் மாதிரி.

கேள்வி: சம்பளம் உண்டா?

பெயருக்கு ஒரு தொகை. ஆங்கிலக் கவிஞர் பென் ஜான்சனுக்கு 1630இல் அரசர் தரப்பில் ஆண்டுக்கு 100 பவுண்டும் ஒரு பீப்பாய் கேனரி ஒயினும் கொடுத்தார்கள். எனக்கு நூலகத்தில் ஒரே நேரத்தில் 40 புத்தகம் எடுக்கும் அனுமதி கிடைத்தது. நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: துக்கத்துக்கும் எழுதச் சொல்வார்களா? முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதினீர்கள்?

சொன்னார்கள், ஒரு முறை. ஆய்வு மாணவர் ஒருவர் இறந்துவிட்டார். இரண்டு நாளில் நினைவுக் கூட்டம். நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

நம்மிடம் இதற்கு ஒரு துறையே இருக்கிறது, கையறுநிலை, இறந்தவரை நினைத்து வருந்திப் பாடுவது. பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் அழுகையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்த மாதத்து நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். அதை நினைத்துக்கொண்டே அந்த மாணவருடைய ஆய்வகத்துக்குப் போனேன். நண்பர்கள் முதலில் பேசவில்லை. பிறகு ஒருவர் ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் பெயர், தேதி எழுதி ஒட்டுவது அவருடைய பழக்கமாம். கடைசியாக ஒட்டிய சீட்டு அதில் இருந்தது. யாரும் குடுவையைக் கழுவவில்லை.

ஒன்பது வரி எழுதி, கூட்டத்துக்கு முன் அந்த நண்பரிடம் காட்டினேன். "இந்த 'ஒளி'ங்கிற வார்த்தை வேண்டாம் சார், அவன் சிரிப்பான்" என்றார். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் கவிதை சரியாக நின்றது. அதை எங்கும் அச்சிடவில்லை. ஒரே பிரதி, இறந்த மாணவரின் அம்மாவிடம் இருக்கிறது.

கேள்வி: நிர்வாகத்தை விமர்சிக்க முடியுமா? அல்லது துதிதான் பாட வேண்டுமா?

புலவர் என்றாலே துதி என்று நினைப்பது நம் இலக்கியத்துக்கு நாமே செய்யும் அநியாயம். அரசனைப் புகழ்ந்து பாடும் பாடாண் திணையிலேயே செவியறிவுறூஉ என்று ஒரு துறை உண்டு, அரசன் காதில் நல்லதை ஏற்றுவது. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது இதில் சேரும். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சின்ன வயலே யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம். வரி வாங்குவதைப் பற்றிய பாட்டு. மன்னரைத் திட்டவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

என் கதை சிறியது. நூலகத்தின் ஆண்டு விழாவுக்குக் கவிதை கேட்டார்கள். அந்த ஆண்டுதான் இரவு நேரத்தைக் குறைத்து எட்டு மணிக்கே கதவைச் சாத்த ஆரம்பித்திருந்தார்கள். சாத்திய கதவுக்கு வெளியே, படிக்கட்டு விளக்கின் கீழே உட்கார்ந்து படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். பிரதியை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "எட்டு மணி என்பதை மட்டும் எடுத்துவிடலாமா?" என்று போன் வந்தது. கவிதையையே எடுத்துவிடலாம், எட்டு மணியை எடுக்க முடியாது என்றேன். இரண்டு நாள் மௌனம். அப்புறம், சரி, படியுங்கள் என்றார்கள். படித்தேன். நூலக நேரம் மாறவில்லை. படிக்கட்டில் இன்னொரு விளக்குப் போட்டார்கள்.

கேள்வி: வார மாலைகளில் யார் வந்தார்கள்?

இலக்கிய மாணவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் குறைவு. கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் வெண்பாவாகவே எழுதிக் கொண்டுவருவார், தளை தட்டாது. ஆனால் கவிதையும் தட்டுப்படாது. கணித ஆய்வு மாணவர் ஒருவர் பதினொரு வாரம் ஒரே கவிதையோடு வந்தார், ஒவ்வொரு வாரமும் ஒரு சொல்லை மட்டும் மாற்றி. பன்னிரண்டாம் வாரம் வரவில்லை. வழியில் பார்த்துக் கேட்டேன். "முடிஞ்சிருச்சு சார்" என்றார். முடிந்த வடிவத்தை அவர் எனக்குக் காட்டவே இல்லை.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் கவிஞருக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். எதை அனுப்புவது? மேடைப் பயமும் உண்டு. – இளங்கலை மாணவர் ஒருவர்

தம்பி, உங்களிடம் இருப்பதில் நீளமானதை அனுப்பாதீர்கள், பிறர் முன் உரக்கப் படித்துப் பார்த்ததை அனுப்புங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டிருந்தால் 'கவிதையைப் பரப்புவேன்' என்று எழுத வேண்டாம். எந்த அறையில், எந்தக் கிழமை, யாரோடு என்று எழுதுங்கள். தேர்வுக் குழுவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அப்படி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

பயம் போகாது. அதற்கு ஏற்பாடுதான் செய்துகொள்ள முடியும். 1961 ஜனவரி 20, அமெரிக்க அதிபராகக் கென்னடி பதவியேற்பு. 86 வயதுக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் அந்த விழாவுக்கென்றே எழுதிய புதுக் கவிதையோடு நிற்கிறார். வெயில் கண்ணைக் கூசி, தாளில் எழுத்துத் தெரியவில்லை. புதியதை விட்டுவிட்டு, தம் பழைய கவிதை ஒன்றை மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். அதனால் ஒரு கவிதையாவது நெஞ்சில் இருக்கட்டும். மற்றதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், பக்கம் திருப்பும் இடத்தில் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். முந்தின நாளே போய் மைக் உங்கள் உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். போகும்போது பின்வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.