பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

வணக்கம் சார்,

'நான் முதலாளித்துவவாதியும் இல்லை, சோசலிஸ்டும் இல்லை. இரண்டிலும் வேலைக்கு ஆவதை எடுத்துக்கொள்கிறவன்' என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் இருபது வருடமாக இடதுசாரி. என் மைத்துனர் சுதந்திரச் சந்தைக்காரர். நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், உங்களுடையது ஒரு நிலைப்பாடே இல்லை என்பதுதான். 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்றார் அவர். சுரண்டல் தப்பென்றால் எல்லா இடத்திலும் தப்பு. தனிச்சொத்து சரியென்றால் எல்லா இடத்திலும் சரி. எங்கே சந்தை, எங்கே அரசு என்று பிரிக்க உங்களிடம் அளவுகோல் ஏதாவது உண்டா, அல்லது அன்றன்றைக்குத் தோன்றுவதா?

க.

அன்புள்ள க.,

உங்களையும் மைத்துனரையும் ஒரே கட்சியில் சேர்த்துவைத்த புண்ணியம் எனக்கு.

பழமொழி சுருக்கென்றுதான் இருந்தது, அதில் பாதி உண்மை என்பதால். நடு என்றால் இரண்டு முனைக்கும் சமதூரம் என்று வைத்துக்கொண்டால் அது கொள்கையே இல்லை. யாராவது ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நடுவும் கூடவே நகரும். 1990களில் அமெரிக்க அதிபர் கிளிண்டனும் பிரிட்டிஷ் பிரதமர் பிளேரும் இடதுக்கும் வலதுக்கும் நடுவே 'மூன்றாம் வழி' என்று பேசியபோது நடந்தது அதுதான். வணிக வங்கியையும் முதலீட்டு வங்கியையும் 1933 முதல் பிரித்துவைத்திருந்த சட்டச் சுவரை 1999இல் அமெரிக்கா இடித்தது. கையெழுத்துப் போட்டவர் கிளிண்டன். 2008 நிதி நெருக்கடிக்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுவரை ஏன் கட்டினார்கள் என்று கேட்காமல் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

சரி, அளவுகோலுக்கு வருகிறேன். நான் கேட்பது ஒரே கேள்வி: வாங்குகிறவர் 'வேண்டாம்' என்று எழுந்து போக முடியுமா?

செருப்பு வாங்கப் போகிறவர் போகலாம். அடுத்த கடை இருக்கிறது, பழைய செருப்பு இருக்கிறது. அவர் எழுந்து போய்விடுவார் என்ற பயம்தான் செருப்பை ஒழுங்காகத் தைக்கவைக்கிறது. சோவியத் ஒன்றியம் 1980களில் அமெரிக்காவைவிட அதிகமான காலணிகளைத் தயாரித்தது. அப்படியும் வெளிநாட்டுச் செருப்பு வந்தால் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆலைக்குக் கொடுத்த இலக்கு எத்தனை ஜோடி என்பது. அதை யார் காலில் மாட்டுவார் என்பது ஆலையின் கவலை இல்லை. இந்த இடத்தில் உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி.

இப்போது தண்ணீர்க் குழாய். வீட்டுக்கு வருவது ஒரே குழாய். 1989இல் பிரிட்டனின் தாட்சர் அரசு இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் குடிநீர் வாரியங்களைப் பங்குகளாக விற்றது. பழைய கடன்களைத் தள்ளுபடி செய்து, துடைத்த பலகையாகக் கொடுத்தது. விலையைக் கட்டுக்குள் வைக்க ஓர் ஒழுங்குமுறை ஆணையமும் அமைத்தது. ஆனால் ஒரு வட்டாரத்துக்கு ஒரு கம்பெனி. பிடிக்கவில்லை என்று எந்த வீட்டுக்காரர் எங்கே போவார்? கம்பெனிகள் கடன் வாங்கின, டிவிடெண்டும் கொடுத்தன. இன்று அவற்றின் மொத்தக் கடன் 6,000 கோடி பவுண்டுக்கு மேல். கழிவுநீரை ஆற்றில் விட்டதற்காக அபராதமும் கட்டுகின்றன. எழுந்து போக முடியாத இடத்தில் சந்தை என்று பெயர்ப்பலகை மாட்டினாலும் உள்ளே நடப்பது வேறு. இங்கே நீங்கள் சொல்வது சரி.

'எல்லா இடத்திலும்' என்கிறீர்களே, எனக்கு நெருடுவது அந்தச் சொல்தான். 1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்கு ஜெர்மனியில் புது நாணயம் வந்தது. அங்கே பொருளாதார நிர்வாகத்தைக் கவனித்த லுட்விக் எர்ஹார்ட் பெரும்பாலான பொருள்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கினார். மறுநாளே கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சரக்கு முளைத்தது. அதுவரை கிடங்கில் பதுங்கியிருந்ததுதான். உங்கள் மைத்துனர் இந்தக் கதையை இதோடு நிறுத்திக்கொள்வார். கதை நிற்கவில்லை. விலை ஏறியது. நவம்பர் 12ஆம் தேதி 90 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1951இல் நிலக்கரி, உருக்கு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுக்களில் சரிபாதி இடம் தொழிலாளர் தரப்புக்குப் போனது.

1952இல் வந்த சுமைப் பகிர்வுச் சட்டம் இன்னும் விசேஷம். போரில் குண்டு ஒரு தெருவில் விழுந்தது, அடுத்த தெருவில் விழவில்லை. இந்த வீடு நின்றது, அந்த வீடு போயிற்று. நின்றதில் வீட்டுக்காரரின் உழைப்போ சாமர்த்தியமோ என்ன இருக்கிறது? ஆகவே நாணயம் மாறிய மறுநாள், 1948 ஜூன் 21ஆம் தேதி, இருந்த மதிப்பில், விலக்கு போக மிஞ்சிய சொத்தில் பாதியைக் கொடு என்றது சட்டம். எல்லாம் இழந்தவர்களுக்கும் கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்கும் அது போய்ச் சேரும். ஆனால் ஒரே நாளில் பிடுங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தவணை, 30 வருடத்துக்கு. வருமானம் ஏற ஏறத் தவணை இளைத்துப்போய், பெரும்பாலோர் சொத்தை விற்காமலே கட்டி முடித்தார்கள். நீங்கள் இதைக் கண்துடைப்பு என்பீர்கள், மைத்துனர் பகல்கொள்ளை என்பார். எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்ததே அந்த 30 வருடம்தான். கொடுக்கிறவரையும் தொழில் செய்யவிட்டு வாங்கியிருக்கிறார்கள்.

விலையை அவிழ்த்துவிட்டதும் சொத்தில் பாதி கேட்டதும் ஒரே மைய-வலதுசாரி அணிதான். எதிர்க்கட்சியாக இருந்த சோசலிஸ்டுகளும் 1959இல் பாட் கோடஸ்பெர்க் மாநாட்டில், 'முடிந்த அளவு போட்டி, தேவையான அளவு திட்டமிடல்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வாசகத்தை மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. எது முடியும், எது தேவை என்று யார் சொல்வது?

என் அளவுகோலும் ஓர் இடத்தில் பல்லிளிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு. ஒரு வீட்டை வேண்டாம் என்று எழுந்து போகலாம்; எந்த வீடும் வேண்டாம் என்று போக முடியாது. அத்தனை விலைகளை அவிழ்த்த எர்ஹார்டே 1948இல் வாடகையைத் தொடவில்லை. வாடகைக்கு உச்சவரம்பு வைத்தால் புதிதாகக் கட்டுகிறவர் குறைகிறார். ஏற்கெனவே குடியிருப்பவருக்கு யோகம், ஊருக்குப் புதிதாக வருபவருக்குக் கதவு மூடல். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா 1923இல் ஆடம்பர வீடுகளுக்குக் கூடுதலாக வரும்படி ஒரு வீட்டுவரி போட்டு, அந்தப் பணத்தில் நகராட்சியே கட்ட இறங்கியது. இன்று அந்நகரில் ஏறக்குறைய பாதிப்பேர் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ இருக்கிறார்கள். தனியார் கட்டுவதை அங்கே யாரும் தடுக்கவில்லை. ஆனால் வாடகைக்காரர் எழுந்து போவதற்கு இன்னொரு கதவு இருக்கிறது.

நான் இப்போதைக்கு வியன்னா பக்கம் சாய்ந்திருக்கிறேன். மைத்துனரிடம் காட்டுங்கள். நகராட்சிக்கு அந்த நிலம் எங்கிருந்து வரும் என்றுதான் முதலில் கேட்பார். நியாயமான கேள்வி, பதிலை அடுத்த கடிதத்தில் நீங்கள் இருவருமே எழுதுங்கள்.