கொயர் பாட்டைப் பதிவு செய்ய என்ன வாங்கலாம்?

கேள்வி: திசையன்விளை பக்கம் எங்கள் ஊர். கிறிஸ்தவக் கோயில் கொயரில், அதாவது பாடகர் குழுவில், இருபத்திரண்டு பேர், நாலு குரலில் பாடுகிறோம். கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அனுப்ப ஆசை. போன வருஷம் செல்போனில் எடுத்தோம். வெறும் இரைச்சல்தான் மிச்சம். இந்த வருஷம் நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். எட்டுச் சேனல் மிக்சரும் ஆறு மைக்கும் வாங்கச் சொல்கிறார் கடைக்கார அண்ணாச்சி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொல்வது ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கிக்கான சாமான். கொயரைப் பதிவு செய்வது வேறு வேலை. வரிசைக்கு முன்னால் ஆறு மைக் வைத்தால், ஒரே ஆளின் குரல் பக்கத்துப் பக்கத்து மைக்குகளில் கொஞ்சம் முன்னேபின்னே போய் விழும். இரண்டையும் கலக்கும்போது ஒலியின் சில பகுதி அமுங்கி, குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். நாலு குரலும் கோயிலின் காற்றிலேயே கலந்துதான் நம் காதுக்கு வருகின்றன. அந்தக் கலவையைப் பிடிக்க ஒரு ஜோடி மைக் போதும்.

செல்போன் ஏன் கெடுத்தது தெரியுமா? மெதுவாகப் பாடினால் அது தானாகச் சத்தத்தைக் கூட்டும், ஓங்கிப் பாடினால் குறைக்கும். பேச்சுக்கு அது சரி, பாட்டுக்கு ஆகாது.

உங்களுக்கு வேண்டியது கைக்கடக்கமான ரெக்கார்டர். தலையில் இரண்டு மைக் குறுக்காகப் பொருத்தியிருக்க வேண்டும். பின்னாளில் வெளி மைக் செருக எக்ஸ்எல்ஆர் துளையும் (மூன்று முள் மைக் வயருக்கானது) 48 வோல்ட் பேன்டம் பவரும் (அந்த வயர் வழியாகவே மைக்குக்குக் கரண்டு தருவது) இருக்க வேண்டும். டாஸ்காம் டிஆர்-40எக்ஸ், ஜூம் எச்4 எசென்ஷியல் இரண்டுமே இந்த வகை. ஜூமில் 32 பிட் ஃப்ளோட் என்ற வசதி உண்டு: கடைசிச் சரணத்தில் சோப்ரனோ என்ற உச்சக்குரல் பாடுபவர்கள் உற்சாகத்தில் ஏறிவிட்டாலும் சவுண்டு கிழியாது, பிறகு கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். டாஸ்காமில் அது இல்லை. ஆகவே சத்தம் உச்சமாகும் இடத்தை ஒருமுறை பாடவைத்து, திரையில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் லெவல் (பதிவாகும் சத்தத்தின் அளவு) வைக்க வேண்டும். லெவல் பார்க்க ஒரு ஆள் உட்காருவார் என்றால் டாஸ்காமே போதும். ஜூம் எஃப்3 என்று ஒன்றையும் சொல்வார்கள். நல்ல பொருள்தான், ஆனால் அதில் மைக்கே கிடையாது. தெரியாமல் வாங்கினால் பாட்டு ஏறாது.

மிச்சப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஸ்டாண்ட். சாதாரண மைக் ஸ்டாண்ட் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அந்த உயரத்தில் முன்வரிசை மட்டும் காதோரம் கத்துவதுபோலவும், பின்வரிசை பக்கத்து ஊரிலிருந்து பாடுவதுபோலவும் பதிவாகும். ஒன்பது, பத்தடிக்கு ஏற வேண்டும். கல்யாண போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் லைட் ஸ்டாண்ட் அந்த உயரம் போகும்; பெரும்பாலும் ரெக்கார்டரின் அடியில் இருக்கும் திருகும் அதில் சேர்ந்துவிடும். வாங்கும்முன் ரெக்கார்டரைக் கையோடு கொண்டுபோய்த் திருகிப் பாருங்கள். காலில் பாரம் கட்டாமல் ஏற்றாதீர்கள். பாரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம், நம் பக்கத்துத் தேரி மணலைப் பழைய பையில் கட்டினால் போதும்.

கொயரைப் பிறை வடிவில் நிறுத்துங்கள். முன்வரிசையிலிருந்து பத்தடி தள்ளி ஸ்டாண்டை வைத்து, மைக் கீழ்நோக்கிச் சாய்ந்து பின்வரிசையைப் பார்க்கட்டும். காதை மூடும் ஹெட்போனில் கேளுங்கள். எதிரொலி மிஞ்சினால் ஓரடி முன்னே, குரல்கள் தனித்தனியாகத் தெறித்தால் ஓரடி பின்னே. மெஞ்ஞானபுரம், இடையன்குடி போன்ற உயர்ந்த கோயில்கள் என்றால் கூடுதலாகவே நெருங்க வேண்டியிருக்கும். ஆள் இல்லாத கோயிலில் எதிரொலி இன்னும் அதிகம்.

ஆராதனையின்போது எடுக்காதீர்கள். நானே ஒருமுறை அப்படி எடுத்து, வீட்டில் போட்டுக் கேட்டால் பாட்டைவிட மின்விசிறி நன்றாகப் பாடியிருந்தது. போதகர் ஐயரிடம் கேட்டுத் தனியாக ஒரு ராத்திரி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேன், ஒலிபெருக்கி, இன்வெர்ட்டர் எல்லாம் நிற்கட்டும். கீபோர்டு சத்தத்தைப் பாதியாக்குங்கள். டிசம்பர் பாதிக்குமேல் மார்கழி பிறந்தால் விடியற்காலையில் ஊரின் இந்துக் கோயிலில் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. மழை வந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ரெக்கார்டர் பேட்டரியில் ஓடுவதால் கரண்டு போனாலும் கவலையில்லை, ஆனால் மாற்று பேட்டரி கையில் இருக்கட்டும். இரண்டாவது ஜோடி மைக்கெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ரெக்கார்டருக்காக 512 ஜிபி கார்டு மலிவாகக் கிடைத்தது. பாதிப் பாட்டு பதிந்தது, பாதி திறக்கவில்லை. ரெக்கார்டர் கோளாறா?

பதில்: கார்டு போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறிய கார்டையே 512 என்று காட்டும்படி மாற்றி விற்கிறார்கள்; இடம் தீர்ந்தபின் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளில் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துப் பார்த்தால் உண்மை தெரியும். அவ்வளவு பெரிய கார்டு தேவையும் இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஏறக்குறைய 1 ஜிபி, 32 பிட் ஃப்ளோட் என்றால் 1.4 ஜிபி. நல்ல கம்பெனியின் 32 ஜிபி கார்டு இரண்டு வாங்குங்கள், பில்லோடு.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ரெக்கார்டர் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. 'இது எங்கள் வழியாக இந்தியாவுக்கு வந்த பீஸ் இல்லை' என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருட வாரண்டி என்று போட்டுத்தான் விற்றார்கள்.

பதில்: வாரண்டி என்று போட்டு விற்றவர்தான் பொறுப்பு. அந்த விற்பனைப் பக்கம் மாறுவதற்குள் படம் எடுத்து வைத்துக்கொண்டு, விற்றவருக்கும் தளத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் அதில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.