செருப்பு கழன்றது ஏன் தெரியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு 11 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக, ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. பகலில் மரத்துக் கிடக்கிறது. போன வாரம் ரேஷன் கடைக்குப் போய் வீடு திரும்பிய பிறகுதான் ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்றது தெரிந்தது. நரம்புத் தளர்ச்சி என்று மருந்துக் கடையில் கொடுத்த சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறேன். போதுமா டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாதம்மா. எரிச்சலை விட எனக்குக் கவலை தருவது அந்தச் செருப்புதான். செருப்பு நழுவுவது தெரிந்தும் விரலால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால், பாதத் தசை பலம் இழந்திருக்கிறது. கழன்றதே தெரியவில்லை என்றால் உணர்வு போயிருக்கிறது. உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சர்க்கரை முதலில் கைவைப்பது இந்த நீள இழைகளில்தான். அதனால் மரப்பு இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி மேலே ஏறும். முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல்களும் மரக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறதா? கால் தரையில் இருப்பதைப் பாதம் சொல்லாதபோது கண்தான் நம்மை நிறுத்தி வைக்கிறது. கண்ணை மூடினால் அந்தப் பிடியும் போய்விடும்.

'நரம்புத் தளர்ச்சி' ஒரு நோயின் பெயரே அல்ல. கை நடுங்கினாலும் அதுதான், பேருந்து நிலையச் சுவரில் லாட்ஜ் வைத்தியர் ஒட்டும் நோட்டீஸிலும் அதுதான். கேட்க வேண்டியது, எதனால் நரம்பு கெட்டது என்று. உங்கள் விஷயத்தில் சர்க்கரை முதல் சந்தேகம். ஆனால் மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவும் இதே மரப்பைத் தரும். ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கடை மாத்திரையின் அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்: பி6 அதிக அளவில் நெடுநாள் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பரிசோதனை எளிதுதான். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டுவார்கள், கட்டைவிரலில் இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள், 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவார்கள். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வது நல்லது.

எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், ப்ரீகாபலின், டுலாக்ஸெடின் என்று மருந்துகள் உண்டு. எது பொருந்தும் என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும். இவை வலியைத்தான் அடக்கும், நரம்பை வளர்க்காது. எரிச்சல் தானாக நின்றாலும் குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். எரியக்கூட அந்த நரம்பில் எதுவும் மிச்சமில்லை என்றும் இருக்கலாம்.

எரிகிறதே என்று வெந்நீரில் காலை வைக்காதீர்கள். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும். உச்சி வெயிலில் வெறுங்காலோடு கோயில் பிரகாரம் சுற்றுவதையும் விடுங்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள், மெட்டிக்கு அடியிலும்.

ஒரு பாதம் மட்டும் தொங்கினாலோ, தோலில் உணர்வில்லாத வெளிறிய படை இருந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம். படை இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். சில நாட்களுக்குள் இரண்டு காலும் பலமிழந்து, கைக்கும் பரவி, மூச்சு வாங்கினால், ராத்திரி ஆனாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

புதுச் செருப்பு வாங்கத்தான் வேண்டும். சாயங்காலம் போய், பாதம் சற்று உப்பியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். விரலிடுக்கு வார் வேண்டாம். பின்பக்கம் பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு கேளுங்கள்.