ஜெனரேட்டரை மேலே ஏற்றினால் மட்டும் போதாது

ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஏற்றும் டீசல் பம்பையும், வெளி மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சையும் வெள்ள மட்டத்துக்கு மேலே கொண்டு வாருங்கள். ஜெனரேட்டரை இரண்டாம் மாடிக்கு மாற்றிய பிறகும் நீங்கள் வடிவமைக்கும் அவசரகால மையக் கட்டடத்தின் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்களே, பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். எல்லோரும் செய்கிற தவறுதான்.

2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் எரிபொருள் பம்புகள் பேஸ்மென்டில் மூழ்கிவிட்டதால் ஆட்கள் வரிசையாகப் படிக்கட்டில் நின்று கைமாற்றி டீசலை மேலே ஏற்றினார்கள், அப்படியும் கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஒன்று செய்து பாருங்கள். வெள்ள மட்டத்தை வெட்டுத் தோற்றத்தில், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வரைபடத்தில், கோடாகப் போடுங்கள். அப்புறம் டீசல் டேங்கில் தொடங்கி கட்டுப்பாட்டு அறையின் கடைசி பிளக் வரை எரிபொருளும் மின்சாரமும் போகும் வழியைச் சிவப்புப் பென்சிலால் தொடருங்கள். கோட்டுக்குக் கீழே மின்சாரம் தேவைப்படும் பொருள் எது வந்தாலும் அது பலவீனம். ரேடியோ, இணைய கேபிள் நுழையும் இடத்தையும் இதே மாதிரி பாருங்கள், அதை யாரும் கவனிப்பதே இல்லை.

ஆனால் பெரிய டேங்கை மேலே ஏற்றிவிடாதீர்கள். தீ விதிகள் மாடியில் வைக்கும் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும். நிலநடுக்கப் பகுதி என்றால் உயரத்தில் உள்ள எடை வேறு தலைவலி, அதைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.