கேசட்டில் இருந்த கல்யாண வீடியோவை எடிட் செய்து டிவிடி போட்டால் படம் கெட்டுப்போகிறதே, ஏன்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான். அக்கா கல்யாணத்தின் மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகளை ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, செல்போனில் எடுத்த சில கிளிப்புகளையும் கடைசியில் சேர்த்து, எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்து, அதை டிவிடி மென்பொருளில் போட்டு எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 2 மணி 50 நிமிடம், ஒரே டிஸ்க். லேப்டாப்பில் பளிச்சென்று இருந்த படம் அம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் மங்கல். ஆட்கள் நடந்தால் உதறுகிறது. தாலி கட்டும் இடத்தில் கட்டம் கட்டமாக உடைகிறது. செல்போன் பகுதியில் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

கல்யாண வீடியோ எடிட்டிங்கில் கொஞ்ச காலம் பிழைப்பு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், எடிட்டிங் மென்பொருளை மாற்றினால் இதில் ஒன்றுகூடத் தீராது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருந்தாலும் இதே வழியில் போனால் இதே டிஸ்க்தான் வரும். கோளாறு எடிட்டிங்கில் இல்லை, அதற்குப் பிறகு ஃபைல் போன பாதையில் இருக்கிறது.

கேசட்டிலிருந்து ஃபயர்வயரில் வந்த ஏவிஐ ஃபைல், கேசட்டில் பதிவானதன் அச்சு அசல் நகல். நொடிக்கு சுமார் 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. அதுவரை எந்த இழப்பும் இல்லை. அடுத்து எம்பி4 ஆக்கினீர்கள், அது ஒரு சுருக்கம். டிவிடிக்கு எம்பெக்-2 என்ற சுருக்க முறைதான் வேண்டும் என்பதால் டிவிடி மென்பொருள் அந்த எம்பி4-ஐ விரித்து மறுபடி சுருக்கியது, அது இரண்டாவது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான். நடுவில் இருக்கும் எம்பி4 உங்களுக்குத் தேவையே இல்லை. டைம்லைனிலிருந்து நேராக எம்பெக்-2 எக்ஸ்போர்ட் செய்யுங்கள். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லை என்றால் கேசட்டிலிருந்து வந்த அதே வகை ஏவிஐ ஆகவே வெளியே எடுத்து, எம்பெக்-2 சுருக்கத்தை டிவிடி மென்பொருளிடம் விட்டுவிடுங்கள். எந்த வழியாக இருந்தாலும் நன்றாகச் சுருக்குவது ஒரே ஒரு தடவைதான் நடக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் ஒழுங்காக எம்பெக்-2 கொடுத்தாலும் சில டிவிடி மென்பொருள்கள் தம் விருப்பத்துக்கு அதை இன்னொரு முறை சுருக்கும். டிவிடி ஸ்டைலர் பயன்படுத்தினால் அந்த வீடியோவின் பண்புகளில் வீடியோ ஃபார்மட்டை ‘காப்பி’ என்று வையுங்கள். மற்ற மென்பொருள்களில் ஒரு சின்ன சோதனை போதும். ஒரு மணி நேர வீடியோவைச் சில நிமிடத்தில் விஓபி (டிவிடியில் படம் இருக்கும் வகை) ஃபைல்களாக மாற்றித் தந்தால் அது வெறுமனே அடுக்கி வைக்கிறது. புராசசர் விசிறி கத்தக் கத்த வெகு நேரம் ஓடினால் திரும்பச் சுருக்குகிறது என்று அர்த்தம்.

இப்போது கட்டம் கட்டமாக உடைவது. டிஸ்க் அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறதே, அது 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். உங்கள் வீடியோ 10,200 நொடி. வகுத்துப் பாருங்கள், நொடிக்கு சுமார் 3,690 கிலோபிட் வரும். சத்தத்துக்கு 192, மெனு, சேதாரம் எல்லாம் போக படத்துக்கு 3,300 சொச்சம்தான் மிச்சம். டிவிடி தரநிலை படத்துக்கு அனுமதிக்கும் உச்சம் 9,800. நீங்கள் மூன்றில் ஒரு பங்கில் வண்டி ஓட்டுகிறீர்கள்.

ஏன் சரியாகத் தாலி கட்டும்போது உடைகிறது என்று யோசித்தீர்களா? எம்பெக்-2 எல்லாப் படத்தையும் முழுசாகச் சேமிப்பதில்லை. அரை நொடிக்கு ஒரு முறை ஒரு முழுப் படம், நடுவில் இருப்பவற்றில் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது, எது எங்கே நகர்ந்தது என்ற கணக்கு மட்டும். மணமேடையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும் வரை மாற்றம் குறைவு, 3,300-லேயே சமாளித்துவிடும். கெட்டிமேளம் என்றதும் என்ன ஆகிறது? மேடையில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து நெருக்குகிறார்கள். நூறு கையிலிருந்து அட்சதை பறக்கிறது, ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில். எது எங்கே நகர்ந்தது என்ற கணக்கு அங்கேயே தோற்றுவிடும். அதன் மேல் போட்டோகிராபரின் ஃபிளாஷ் அடித்தால் ஒரே ஒரு படம் மட்டும் வெள்ளையாகிறது. முந்தையதோடும் ஒட்டாது, அடுத்ததோடும் ஒட்டாது. பின்னால் ஹோமப் புகை வேறு. விளிம்பே இல்லாமல் மெல்ல மாறும் சாம்பல் நிறத்தில்தான் கட்டங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆக, வீட்டில் எல்லோரும் ரிமோட்டைப் பிடுங்கித் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகும் அந்தப் பத்து நொடிதான் சுருக்கிக்கு மூச்சு முட்டும் இடம்.

தீர்வு, இரண்டு டிஸ்க். முதல் நாள் மாலை வரவேற்பு ஒன்று, மறுநாள் முகூர்த்தம் ஒன்று என்று கல்யாணமே பிரித்துத்தான் கொடுத்திருக்கிறது. ஆளுக்கு 85 நிமிடம் வைத்தால் நொடிக்கு 6,800 வரை படத்துக்குக் கிடைக்கும். இரட்டை அடுக்கு டிஸ்க் 8.5 ஜிபி கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் விலை அதிகம், பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் தடுமாறும். மூன்றாவது வழி இன்னும் வெட்டுவது. அம்மாவுக்குப் பிடிக்காது, ஆனால் சாப்பாட்டுப் பந்தியை இருபது நிமிடம் யாரும் பார்ப்பதில்லை.

எக்ஸ்போர்ட்டில் விபிஆர் (காட்சிக்கு ஏற்ப பிட் அளவு மாறுவது), டூ பாஸ் (இரண்டு ஓட்டம்) என்று தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டத்தில் எங்கே கஷ்டம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டாவது ஓட்டத்தில் மந்திரம் ஓதும் இடத்தில் மிச்சம் பிடித்து அட்சதை பறக்கும் இடத்தில் செலவழிக்கும். சராசரி 6,500, உச்சம் 8,000. உச்சத்தை 9,800-க்கு ஏற்ற வேண்டாம். கடையில் அச்சடித்து வரும் டிஸ்க் தாங்கும், வீட்டில் எழுதிய டிஸ்க்கில் பழைய பிளேயர்கள் அங்கேயே திக்கி நின்றுவிடும். சத்தத்துக்கு டால்பி டிஜிட்டல் 192 அல்லது 256. சுருக்காத பிசிஎம் என்று விட்டால் சத்தம் மட்டுமே 1,536 கிலோபிட் தின்றுவிடும்.

அடுத்தது உதறல். இதுதான் பலருக்கும் பிடிபடாதது. உங்கள் கேமரா நொடிக்கு 25 முழுப் படம் எடுக்கவில்லை. 50 அரைப் படம் எடுத்தது, ஒன்றில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். இன்டர்லேஸ் என்பது இதுதான். எந்த அரை முதலில் வரவேண்டும் என்பது முக்கியம். மினி டிவி கேசட்டில் இரட்டைப்படைக் கோடுகள் உள்ள அரை முதலில், அதாவது லோயர் ஃபீல்டு ஃபர்ஸ்ட். பின்னால் வந்த மெமரி கார்டு ஹெச்டி கேமராக்களில் ஒற்றைப்படை அரை முதலில், அப்பர் ஃபீல்டு ஃபர்ஸ்ட். டிவிடி இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஃபைலில் எழுதியிருப்பதும் உண்மையில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். மாறிவிட்டால் நடக்கும் ஆள் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே, மறுபடி முன்னே என்று போவார். நின்றுகொண்டிருப்பவர்கள் கல் மாதிரி நிற்பார்கள். உங்கள் டிஸ்க்கில் அசைபவர்கள் மட்டும் உதறினால் நோய் இதுதான், சந்தேகமே வேண்டாம்.

டிஸ்க் எழுதாமலேயே சோதிக்கலாம். எக்ஸ்போர்ட் செய்த எம்பெக்-2 ஃபைலை விஎல்சி-யில் திறந்து, வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் (அரைப் படங்களை முழுப் படமாக்குவது) ஆன், மோட் ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்று வையுங்கள். பெண்ணை அழைத்து வரும் மாதிரி, கேமராவுக்குக் குறுக்கே நடக்கும் காட்சியாகப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. நடுங்கினால் புராஜெக்ட் செட்டிங்கிலும் எக்ஸ்போர்ட் செட்டிங்கிலும் ஃபீல்டு ஆர்டர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்டாப்பில் பார்க்கும்போது அசையும் கை விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அதைக் கோளாறு என்று நினைத்து எடிட்டிங்கிலேயே டீஇன்டர்லேஸ் பொத்தானைத் தட்டிவிடுகிறார்கள். தட்டாதீர்கள். நொடிக்கு 50 அசைவாக இருந்தது 25 ஆகிவிடும், பாதி விவரமும் போய்விடும், படம் மங்கலாவதற்கு அது ஒரு பெரிய காரணம். தொலைக்காட்சியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக் (கட்டளை அடித்து வீடியோ மாற்றும் மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: அதன் ‘பேல் டிவிடி’ (பேல் என்பது நம் ஊர்த் தொலைக்காட்சி முறை) டார்கெட் அளவையும் பிட்ரேட்டையும் அமைத்துத் தரும், இன்டர்லேஸாகச் சுருக்கு என்பதை நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

மங்கலைப் பற்றி இன்னும் ஒன்று. நம் ஊர் டிவிடி என்பது 720க்கு 576 புள்ளிதான். லேப்டாப்பில் சின்ன ஜன்னலில் பார்த்ததை 43 இன்ச்சில் இழுத்துப் பார்த்தால் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அதற்காக ஷார்ப்னெஸ் ஃபில்டரை ஏற்றாதீர்கள், கேமராவின் இரைச்சல்தான் கூர்மையாகும், அந்த இரைச்சலைச் சுருக்கவும் பிட் செலவாகும். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் 4:3 வீடியோவுக்கு 16:9 என்று குறித்திருக்கிறீர்கள், புராஜெக்ட்டில் மாற்றினால் போதும்.

செல்போன் கிளிப்புகளுக்கு வருவோம். போன் நொடிக்கு 30 படம் என்று சொன்னாலும் வெளிச்சத்தைப் பொறுத்து ஏற்றி இறக்கும். எடிட்டிங் மென்பொருள் சீரான வேகம் என்று நம்பி அடுக்குவதால் போகப் போகச் சத்தம் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஃபிரேம்ரேட் பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து, தரத்தைத் தாராளமாக விட்டு மாற்றிய பிறகு டைம்லைனில் போடுங்கள். ஒரு தடவைதான் சுருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு, வேறு வழியில்லை. 30-ஐ 25 ஆக்குவதால் கேமரா திரும்பும்போது லேசான திக்கல் இருக்கும், நாலு கிளிப்புக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முழு டிஸ்க்குமே செல்போன் வீடியோ என்றால் என்டிஎஸ்சி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில், 720க்கு 480 புள்ளி, நொடிக்கு 29.97 படம் என்று போடுங்கள். நம் ஊரில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் பேல், என்டிஎஸ்சி இரண்டையும் ஓட்டும்.

கேசட் பகுதியிலும் சத்தம் விலகினால் கேமராவின் ஆடியோ மோடைப் பாருங்கள். அந்தக் கால கேமராக்கள் பல 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும்படியே வந்தன. டிவிடிக்கு 48 வேண்டும். முதலில் சத்தத்தை மட்டும் பிரித்து 48-க்கு மாற்றிப் பிறகு எடிட் செய்தால் தொல்லை இல்லை. கேட்காமல் ஒரு யோசனை: நாதஸ்வரத்தின் மேல் சினிமா பாட்டு ஏற்றாதீர்கள். ஏற்றச் சொல்லித்தான் என்னிடமும் எல்லோரும் கேட்டார்கள், பிற்பாடு அந்தப் பாட்டுக்கு அடியில் தாத்தா என்ன பேசினார் என்று கேட்டு வந்தார்கள்.

எழுதும்போது டிவிடி-ஆர் வகை வாங்குங்கள், பழைய பிளேயர்களோடு அதற்குத்தான் ஒத்துப்போகும். 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகம், முடிந்ததும் வெரிஃபை. காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து பாதியில் நிற்கும். பிரதி போடுவதற்கு முன் முதல் டிஸ்க்கை அம்மா வீட்டுப் பிளேயரிலேயே கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். திக்கல் பெரும்பாலும் வெளி விளிம்பில், அதாவது கடைசி அரை மணியில்தான் வரும்.

ஏவிஐ ஃபைல்களை டிவிடி முடிந்ததும் அழித்துவிடாதீர்கள், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டால் இந்த டிஸ்க்கை அனுப்பினால் பெரும்பாலும் அங்கே ஓடாது, அங்கே என்டிஎஸ்சி. அவருக்கு எம்பி4 கொடுங்கள், ஆனால் டிவிடியிலிருந்து எடுக்காமல் அந்த ஏவிஐ-யிலிருந்து, நொடிக்கு 50 படமாக டீஇன்டர்லேஸ் செய்து. அந்தப் பொத்தானைத் தட்ட வேண்டிய இடம் அதுதான்.