இரண்டு நாள் விடுமுறையில் வெளிநாட்டு நகரம்: நாகர்கோவில் தம்பதிக்கு எது பொருந்தும்?

கேள்வி: நாங்கள் நாகர்கோவிலில் வசிக்கிறோம். இருவரும் வேலைக்குச் செல்வதால் நீண்ட விடுப்பு கிடைப்பதில்லை. திருமண நாளையொட்டி ஒரு சனி, ஞாயிறில் வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குச் சென்று, ஊரைச் சுற்றிப் பார்த்து, நல்ல உணவகங்களில் சாப்பிட்டுத் திரும்ப முடியுமா? எந்த நகரம் பொருத்தமாக இருக்கும்?

தாராளமாக முடியும். கொழும்புக்குச் செல்லுங்கள். நானும் என் மனைவியும் உங்களைப் போலவே விடுப்புக்குத் திண்டாடுகிறவர்கள். அங்கே சென்று வந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் இருப்பதால் பலரும் முதலில் அந்த ஊர்களைத்தான் நினைப்பார்கள். ஆனால் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், அதோடு இரண்டரை மணி நேரக் கடிகார வித்தியாசம் என்று கணக்குப் பார்த்தால், இரண்டு நாள் விடுமுறையில் பாதி தூக்கக் கலக்கத்திலேயே போய்விடும். அவை நான்கைந்து நாள் ஒதுக்கிப் போக வேண்டிய ஊர்கள். கொழும்புக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணிதான். கடிகாரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. உண்மையில் நம் வீட்டிலிருந்து விமான நிலையம் போய்ச் சேருவதற்குத்தான் அதைவிட அதிக நேரம் ஆகும். நாகர்கோவிலிலிருந்து சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர் என்றாலும், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெரிசல் மிகுந்த இடங்களைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால், நேரம் ஒத்துவந்தால் ரயிலில் திருவனந்தபுரம் சென்ட்ரல் வரை சென்று அங்கிருந்து ஆட்டோ பிடிப்பதே நிம்மதியானது.

விமான நாட்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே விடுமுறையை முடிவு செய்துவிட்டு விமானத்தைத் தேடாமல், விமானத்தைப் பார்த்துவிட்டு விடுமுறையை முடிவு செய்யுங்கள். தேவைப்பட்டால் வெள்ளி பிற்பகலோ திங்கள் முற்பகலோ அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். புறப்படும் முன் இலங்கை அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். அதன் கட்டண விதிகள் அவ்வப்போது மாறுவதால் பழைய பதிவுகளை நம்ப வேண்டாம். நாட்காட்டியில் பௌர்ணமியையும் பார்த்துவிடுங்கள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்னும் அரசு விடுமுறை நாள். அன்று மது விற்பனை கிடையாது, பல கடைகளும் திறப்பதில்லை. மழையைப் பொறுத்தவரை, ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் கொழும்புக்கு ஏற்றவை.

விமானம் இறங்கும் கட்டுநாயக்க, கொழும்புக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலான தொலைவில் இருக்கிறது. அதிவேக நெடுஞ்சாலை வழியே நகருக்குள் விரைவில் வந்துவிடலாம். நகருக்குள் சுற்றுவதற்கு ஊபரும், உள்ளூர்ச் செயலியான பிக்மீயும் இருப்பதால் பேரம் பேச வேண்டிய அவசியம் இல்லை. நம் ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும். உணவுப் பட்டியலில் ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பதைப் பார்த்து முதல் நாள் திடுக்கிட வேண்டாம்.

என்னுடைய முக்கியமான ஆலோசனை, நகரத்தை விட்டு வெளியே போகாதீர்கள் என்பதுதான். கண்டி, காலி, சிகிரியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறோம் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். கண்டிக்குச் சாலையில் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நாளில் அதையும் சேர்த்தால் வேனுக்குள் உட்கார்ந்திருந்ததுதான் மிஞ்சும். கோட்டை, காலி முகத்திடல், கொள்ளுப்பிட்டி ஆகிய பகுதிகளில் ஏதாவது ஓரிடத்தில் அறை எடுத்துக்கொண்டு, இரண்டு நாளும் அந்த ஒரே ஊரில் கால் வலிக்க நடந்து பாருங்கள்.

சனிக்கிழமை காலையைக் கடைவீதிகள் நிறைந்த புறக்கோட்டைக்கு ஒதுக்குங்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஒரு குறுக்குத் தெருவில் துணி, அடுத்ததில் மின்சாதனம் என்று தெருவுக்கொரு வணிகமாக நடக்கிறது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அமைந்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் நிற்கிறது. இந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த முஸ்லிம்கள் 1909இல் கட்டி முடித்தது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு வந்துவிடும். கதிரேசன் கோயில்கள் அங்கேதான் இருக்கின்றன. பெயர்ப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, கடைக்காரர்கள் தமிழில் பேசுகிறார்கள். வெளிநாட்டுக்கு வந்தும் வழி கேட்கத் தயங்க வேண்டியதில்லை என்பது, நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு எத்தனை பெரிய உதவி என்பதை அங்கே உணர்வீர்கள்.

அதே நடையில் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்துக்கும் போய்விடலாம். ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்களின் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்து மறைந்து வாழ்ந்த அந்தோனி என்ற குருவிடம் கடலோர மீனவர்கள் கடலரிப்பைத் தடுத்துத் தரும்படி கேட்டார்கள் என்றும், அவர் சிலுவை ஊன்றிச் செபித்ததும் கடல் பின்வாங்கியது என்றும் அத்திருத்தலத்தின் மரபு சொல்கிறது. ஆண்டுதோறும் கடலரிப்பில் வீடுகளை இழக்கும் நம் கடற்கரை ஊர்களின் மக்களுக்கு அந்த வேண்டுதலின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுவெடிப்புக்கு உள்ளான ஆலயங்களில் இதுவும் ஒன்று. அதே ஆண்டு ஜூனில் சீரமைத்துத் திறந்துவிட்டார்கள். மதம் பாராமல் வந்து மண்டியிடும் கூட்டத்தைப் பார்த்தபோது என் மனைவி வெகுநேரம் அங்கிருந்து நகரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

மாலையில் காலி முகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்டு காலத்தில் அமைந்த கடலோரத் திடல் அது. கன்னியாகுமரியில் சூரியன் எழுவதையும் விழுவதையும் பார்த்து வளர்ந்த நமக்குச் சூரிய அஸ்தமனம் புதுமை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஊர் மக்களை. குடும்பம் குடும்பமாக வந்து பட்டம் விடுகிறார்கள், தள்ளுவண்டிகளில் இறால் வடை வாங்கித் தின்கிறார்கள். பருப்பு வடையின் மேல் முழு இறால்களைத் தலையோடு பதித்துப் பொரித்து, சின்ன சின்னத் துண்டுகளாக வெட்டி, வெங்காயமும் காரச் சாந்தும் சேர்த்துத் தருவார்கள். சூடாகப் பொரித்து எடுக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

இரவு உணவுக்கு, கோட்டைப் பகுதியிலுள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தைச் சீரமைத்து, 2011இல் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறந்தார்கள். தடித்த சுவர்கள், தேக்கு உத்திரங்கள், ஓட்டுக் கூரை, நடுவே திறந்த முற்றங்கள். என் மனைவி தக்கலைக்காரர்; உதயகிரிக் கோட்டை அவருக்குச் சிறுவயதில் பள்ளிச் சுற்றுலா போன இடம். 1741இல் மார்த்தாண்ட வர்மாவிடம் குளச்சலில் தோற்ற டச்சுப் படை இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டதுதான் என்பதையும், அதில் பிடிபட்ட டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி 1777இல் இறந்து உதயகிரியில் புதைக்கப்பட்டார் என்பதையும் அந்த முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். குளச்சலும் தக்கலையும் அறிந்த ஒருவருக்கு அந்தக் கட்டடம் வெறும் உணவக வளாகமாகத் தோன்றாது. நண்டுக்குப் பெயர்பெற்ற மினிஸ்ட்ரி ஆஃப் கிராப், கிரிக்கெட் வீரர்கள் ஜெயவர்தனவும் சங்கக்காரவும் பங்குதாரர்களாக உள்ள உணவகம், அங்கேதான் இருக்கிறது. முன்பதிவு அவசியம், விலையும் மிக அதிகம். திருமண நாளுக்காக ஒருமுறை செலவிடுவதென்றால் அங்கே செலவிடலாம். பெரிய உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் வரியும் சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உணவைப் பொறுத்தவரை எங்கள் மனத்தில் நிற்பது அப்பக் கடைதான். ஆப்பம் நம் வீட்டிலேயே சுடுகிறோமே, அங்கே போய் அதையா சாப்பிடுவது என்று நினைக்காதீர்கள். வரிசையாக எரியும் அடுப்புகளில் கைப்பிடி வைத்த சிறிய அப்பச் சட்டிகள். ஒருவரே மாவை ஊற்றி, சட்டியைச் சுழற்றி, அடுத்ததற்கு நகர்ந்து, முதலாவதற்குத் திரும்பி வந்து நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மூடுகிறார். ஓரம் காகிதம்போல் மொறுமொறுவென்று, நடுவில் மஞ்சள் கரு இளகலாக இருக்கும்போது எடுத்து, மிளகாய், வெங்காயம், உப்பு, எலுமிச்சை சேர்த்து இடித்த கட்டச் சம்பலோடு தருகிறார். நம் ஆப்பம் பாலோடும் கறியோடும் ஊறிச் சாப்பிடுவதற்கானது. அது கையில் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிடுவதற்கானது. பெரும்பாலும் மாலைக்கு மேல்தான் கிடைக்கும், ஆகவே காலையில் தேடி அலைய வேண்டாம்.

தேங்காய்ச் சம்பலும் நம் தேங்காய்ச் சம்மந்திக்கு மிக நெருக்கமானது, மாசிக் கருவாட்டுத் துகள் சேர்வது ஒன்றைத் தவிர. நீங்கள் சைவம் என்றால் சம்பல் வகைகளையும் பருப்புக் கறியையும்கூடக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளில் காலி வீதியை ஒட்டிச் சைவ உணவகங்கள் பல உள்ளன. அசைவம் என்றால் லம்ப்ரைஸை விட்டுவிடாதீர்கள். ஐரோப்பியர் வழிவந்த இலங்கைப் பறங்கியர் குடும்பங்களின் சமையலிலிருந்து வந்த அந்தச் சோற்றில், இறைச்சிக் கறியும் கத்தரிக்காயும் வாழையிலையில் பொதிந்து அனலில் சுடப்படுவதால், பிரித்தவுடன் வரும் இலை மணத்துக்கே அதை இன்னொரு முறை வாங்கலாம். கடைசியில் எருமைத் தயிரும், கித்துள் என்னும் பனை வகையிலிருந்து காய்ச்சும் பாகான கித்துள் பாணியும், அல்லது தேங்காய்ப் பாலும் முட்டையும் வெல்லமும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பமும். கருப்பட்டியின் அருமை தெரிந்த நம் மாவட்டத்தவர்கள் கித்துள் பாணியைச் சுவைத்துவிட்டுச் சும்மா வரமாட்டார்கள். எங்கள் பெட்டியில் ஒரு புட்டி வந்தது.

ஞாயிறு காலையைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வையுங்கள். 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தில் நம்மவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய கல் ஒன்று இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய, 1409ஆம் ஆண்டு என்று பொறித்த மும்மொழிக் கல்வெட்டு அது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகளை அறிவிக்கிறது. 1911இல் காலி நகரில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். கடல் வணிகத்தில் தமிழுக்கு அன்று இருந்த இடத்தை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று பார்க்கும்போது உண்டாகும் பெருமிதம் வேறு. அங்கேயே கண்டி அரசர்களின் சிம்மாசனமும் இருக்கிறது. ஒல்லாந்தர் 1693இல் பரிசளித்தது, 1815இல் ஆங்கிலேயர் எடுத்துச் சென்றது, 1934இல் திரும்பி வந்தது. அதில் அமர்ந்த கடைசி அரசர் சிறைப்பட்டு, நம் வேலூர்க் கோட்டையில் 1832இல் இறந்தார்.

பிற்பகலில் நேரம் இருந்தால், தாமரைக் கோபுரத்தில் ஏறுவதா, ரயிலில் தெற்கேயுள்ள கடற்கரைப் பகுதியான கல்கிசை போவதா என்ற கேள்வி வரும். 350 மீட்டர் உயரக் கோபுரத்தைக் கீழிருந்து பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. கோட்டை நிலையத்திலிருந்து கல்கிசைக்குச் செல்லும் ரயில் கடலை ஒட்டியே ஓடுகிறது. டிக்கெட் விலை மிகக் குறைவு, அலைத் துளி முகத்தில் தெறிக்கும் அளவுக்குச் சில இடங்களில் தண்டவாளம் கரையோரமாகப் போகிறது. மூன்று கடல்கள் சூழ்ந்த மாவட்டத்தில் வாழ்ந்தும் இப்படி ஒரு ரயில் பயணம் நமக்கு வாய்த்ததில்லை. கடல் பக்கத்து இருக்கை கிடைக்க, கோட்டையிலிருந்து போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். விகாரைகளுக்குப் போவதென்றால் தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். அங்கே அதைப் பெரும் அவமதிப்பாகக் கருதுகிறார்கள்.

விமானம் இரவில் என்றால், மாலை நெரிசலைக் கணக்கிட்டு நான்கு மணி நேரத்துக்கு முன்பே கட்டுநாயக்கவுக்குப் புறப்பட்டுவிடுங்கள். கறுவாப்பட்டை வாங்குவதாக இருந்தால் புறக்கோட்டையிலேயே வாங்கிவிடுங்கள், விமான நிலையக் கடைகளில் விலை கூடுதல். பாணிப் புட்டியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள்.